போர்பைரின்களை உலோகத்தால் கோப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலை வேதியியல் மாணவர்களும், ஆய்வுப் பட்டத்துக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், சில நான்கு வரியில் முடிந்துவிடும்.

போர்பைரின் என்றால் என்ன?

நான்கு பிர்ரோல் வளையங்களை நான்கு ஒற்றைக் கார்பன் பாலங்களால் வட்டமாகக் கோத்தால் கிடைக்கும் தட்டையான பெருவளையம் அது. நடுவில் நான்கு நைட்ரஜன்கள் உள்நோக்கி நிற்கும். அவற்றில் இரண்டின்மேல் ஹைட்ரஜன் இருக்கும். அந்த ஹைட்ரஜன்களை வெளியேற்றிவிட்டு ஓர் உலோக அயனியை நடுவில் அமர்த்தினால் உலோகப் போர்பைரின் கிடைக்கிறது. இரும்பு அமர்ந்தால் ரத்தத்தில் இருக்கும் ஹீம். மெக்னீசியம் அமர்ந்து வளையமும் சற்று மாறினால் இலையில் இருக்கும் பச்சையம்.

ஊதாவுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது, நிறமும் அதற்கேற்றதே. 400 நானோமீட்டரை ஒட்டி மிக வலுவான ஒளி உறிஞ்சல் பட்டை ஒன்று இருக்கிறது. 1883-இல் ஹீமோகுளோபினில் அதைக் கண்ட ழாக்-லூயி சோரே என்பவரின் பெயரால் சோரே பட்டை என்கிறார்கள். 500 முதல் 650 வரை வலுக் குறைந்த கியூ பட்டைகள் உண்டு. வில்லியம் கியூஸ்டர் இந்தப் பெருவளைய அமைப்பை 1912-இல் முன்மொழிந்தார். ஹான்ஸ் ஃபிஷர் 1929-இல் ஹீமினையே ஆய்வகத்தில் தொகுத்துக் காட்டி, அடுத்த ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

ஒரு போர்பைரின் போதாதா? பலவற்றை ஏன் கோக்க வேண்டும்?

இயற்கை எங்கும் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதே காரணம். ரோடோசூடோமோனாஸ் அசிடோஃபிலா என்ற ஊதா பாக்டீரியாவின் ஒளி திரட்டும் புரதக் கூட்டமைப்பின் படிக அமைப்பை கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 1995-இல் வெளியிட்டார்கள். அதில் 27 பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் இரண்டு வளையங்களாக நிற்கின்றன. 18 மூலக்கூறுகள் கொண்ட நெருக்கமான வளையம் 850 நானோமீட்டர் ஒளியையும், 9 கொண்ட விலகிய வளையம் 800 நானோமீட்டர் ஒளியையும் உறிஞ்சுகின்றன. எந்த மூலக்கூறின்மேல் ஒளி விழுந்தாலும் ஆற்றல் வளையத்துக்குள் கைமாறிக்கொண்டே போகும்.

நம் கவனத்துக்குரியது, அந்த 18 பேரும் தத்தம் இடத்தில் எப்படி நிற்கிறார்கள் என்பது. புரதத்தின் ஹிஸ்டிடின் பக்கக்கிளையில் இருக்கும் நைட்ரஜன் ஒவ்வொரு மெக்னீசியத்தையும் ஓர் அணைவுப் பிணைப்பால், அதாவது தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்கு நீட்டி, பிடித்துக்கொள்கிறது. நிறமிக்கும் புரதத்துக்கும் இடையே சகப்பிணைப்பு எதுவும் இல்லை. இந்தத் துறை முழுவதும் அந்த ஹிஸ்டிடினிடம் பாடம் கேட்டதுதான்.

எல்லாவற்றையும் சகப்பிணைப்பிலேயே கட்டிவிட்டால் உறுதியாக இருக்காதா?

இருக்கும், கட்டி முடித்தால். ஒரு படிக்கு 80 சதவீதம் விளைச்சல் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படிகள் தாண்டும்போது கையில் எஞ்சுவது 11 சதவீதத்துக்கும் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், ஐந்தாம் படியில் தவறான இடத்தில் விழுந்த சகப்பிணைப்பு அங்கேயே நின்றுவிடும் என்பது. தவறிய மூலக்கூறைக் குப்பையில் போடலாம், திருத்த முடியாது.

அணைவுப் பிணைப்பு, பூக் கட்டும்போது போடும் சுருக்கு முடிச்சு மாதிரி. இழுத்தால் அவிழும், மறுபடி போடலாம். தவறாகச் சேர்ந்த துண்டு பிரிந்து, இன்னொரு இடம் தேடி, எல்லாவற்றிலும் ஆற்றல் குறைந்த அமைப்பு எதுவோ அதில் போய் அமையும். ஒற்றை முடிச்சின் வலு சொற்பம்தான். பல முடிச்சுகள் ஒரே நேரத்தில் விழும்படி வடிவத்தைத் திட்டமிட்டால் மொத்தம் உறுதியாகிவிடும். வலுவான பிணைப்பைத் தேடி அலைகிற மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, அவிழக்கூடிய பிணைப்பைத் தேடு என்பதே.

உலோகத்தை எங்கே பயன்படுத்துவது, வளையத்தின் நடுவிலா வெளியிலா?

இரண்டு இடத்திலும் முடியும். நடுவில் இருக்கும் உலோகம் நான்கு நைட்ரஜன்களோடு நின்றுவிடாமல், தளத்துக்கு மேலோ கீழோ இன்னோர் ஈனியை (எலக்ட்ரான் இணை தந்து உலோகத்தைப் பிடிக்கும் மூலக்கூறை) ஏற்கும். அதை அச்சு நிலை இணைப்பு என்போம். மற்றொரு வழியில், வளையத்தின் விளிம்பில் பிரிடில் அல்லது கார்பாக்சிலேட் போன்ற கைகளைப் பொருத்தி, அந்தக் கைகளை வெளியிலிருந்து வரும் பல்லேடியமோ ரீனியமோ சிர்க்கோனியமோ பிடித்துக்கொள்ளும்படி செய்கிறோம். அப்போது நடுவில் உலோகமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் ஒரே கட்டுமானத்தில் கலப்பவர்களும் உண்டு.

நடுவில் எந்த உலோகத்தை வைப்பது?

மற்ற எல்லா முடிவுகளும் இதைச் சார்ந்தே அமையும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துத்தநாகம்தான் இந்தத் துறையின் உழைப்பாளி. போர்பைரினுக்குள் இருக்கும் துத்தநாகம் பொதுவாக ஒரே ஒரு கூடுதல் ஈனியை ஏற்று ஐந்து அணைவு எண்ணோடு, அதாவது ஐந்து பிடிகளோடு, திருப்தி அடைந்துவிடும். பிரிடின், இமிடசோல் போன்ற நைட்ரஜன் ஈனிகள் அதற்குப் பிடிக்கும். டொலுவீன், டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான்களில் பிரிடினுடன் அதன் இணைப்பு மாறிலி (பிடியின் வலுவைக் காட்டும் எண்) லிட்டர்/மோல் அலகில் சில ஆயிரம் என்ற அளவில் இருக்கும். இமிடசோலுக்கு அதைவிட அதிகம். அறை வெப்பநிலையில் பிணைப்பு உருவாவதும் முறிவதும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிக வேகமாக நடக்கிறது. மலிவு, காந்தத் தொல்லை இல்லை, நன்றாக ஒளிர்கிறது. புதிதாகத் தொடங்குபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கார்பனைல் ஏந்திய ருத்தேனியம்(II) வேறு குணம். ஒரு முகத்தைக் கார்பன் மோனாக்சைடு அடைத்துவிடுவதால் மறுமுகத்தில் மட்டும் ஒரு பிரிடின் அமரும். அமர்ந்தது எளிதில் எழுந்திருக்காது. சிலிக்கா நிரலில் ஓட்டிப் பிரித்தெடுக்கும் அளவுக்கு நிலையான தொகுதிகள் கிடைக்கும். விலையாக, தவறைத் திருத்தும் வேகத்தை இழக்கிறீர்கள். கோபால்ட்(III), ரோடியம்(III) இரண்டும் ஆறு அணைவு எண் கொண்டவை. இரு முகங்களிலும் ஈனி ஏற்கும் என்பதால் நடுத்தூணாக நிறுத்தலாம்.

வெள்ளீயம்(IV) நைட்ரஜனைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்கு வேண்டியது ஆக்சிஜன், அதாவது கார்பாக்சிலேட் அல்லது பீனாக்சைடு. இதை வைத்து ஒரு நல்ல வேலை செய்யலாம். ஒரு மூலக்கூறின் ஒரு முனையில் கார்பாக்சிலிக் அமிலத்தையும் மறுமுனையில் பிரிடினையும் வைத்து, வெள்ளீயப் போர்பைரினும் துத்தநாகப் போர்பைரினும் உள்ள கரைசலில் விட்டால், யார் யாரிடம் போக வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அமில முனை வெள்ளீயத்தையும் பிரிடின் முனை துத்தநாகத்தையும் சேரும்.

செம்பு(II), நிக்கல்(II) இரண்டும் அச்சு நிலையில் மிகவும் பலவீனம். கோக்கும் முடிச்சாக அவை உதவா. ஆனால் குறிப்பிட்ட ஒரு போர்பைரினில் எதுவும் ஒட்டக் கூடாது என்றால் அவற்றை வேண்டுமென்றே அங்கே வைக்கலாம்.

ஒரே மூலக்கூறு தன்னைத்தானே கோத்துக்கொள்ளுமா?

கோத்துக்கொள்ளும். துத்தநாகப் போர்பைரின் ஒன்றின் விளிம்பில் ஒரு பிரிடில் கையைப் பொருத்தினால், அந்தக் கை இன்னொரு மூலக்கூறின் துத்தநாகத்தைப் பிடிக்கும். நைட்ரஜன் நான்காம் இடத்தில் இருக்கும் பிரிடில் என்றால், இணைந்த இரண்டு போர்பைரின்களும் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும். அப்படி நான்கு சேர்ந்தால் ஒரு சதுரப் பெட்டி மூடிக்கொள்ளும். துத்தநாகத்தில் படிகமாக்கியபோது மூடாமல் கோணல்மாணலான நீண்ட சங்கிலியாக அமைந்ததை ஃபிளைஷரும் ஷாக்டரும் 1991-இல் காட்டினார்கள். ருத்தேனியத்தில் மூடிய சதுரங்களே தனித்துப் பிரித்தெடுக்கப்பட்டன. பெரும்பாலும் ஒரே வரைபடம்தான், உலோகமும் சூழலும் மாறியதும் முடிவு மாறிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜப்பானில் யோஷியாகி கொபுகே செய்தது. 1994-இல் அவர் பிரிடிலுக்குப் பதிலாக இமிடசோலைத் துத்தநாகப் போர்பைரினின் விளிம்பில் நேரடியாக ஒட்டினார். இமிடசோலின் நைட்ரஜன் நேராக நீளாமல் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. அதனால் இரண்டு போர்பைரின்கள் ஒன்றின் துத்தநாகத்தை மற்றொன்றின் இமிடசோல் பிடிக்க, சற்று நழுவிய நிலையில் முகத்தோடு முகம் வைத்து அமர்ந்தன. ஒளிச்சேர்க்கை வினைமையத்தில் எலக்ட்ரானை முதலில் வெளியேற்றும் 'சிறப்பு இணை' என்ற இரட்டைப் பச்சையத்தின் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான். இரண்டு முடிச்சுகள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதால் இணைப்பு மாறிலி சில ஆயிரத்திலிருந்து ஆயிரம் கோடிக்கும் மேலே தாவியது. பின்னால் இரண்டு போர்பைரின்களை ஒரு பென்சீன் வளையத்தின் மெட்டா நிலைகளில் கோணமாக இணைத்து, அவை தாமாகவே பெரிய வளையங்களாகச் சேரும்படி செய்தார்கள். சேர்ந்த பிறகு பக்கக்கிளைகளில் இருந்த இரட்டைப் பிணைப்புகளை ஒலிஃபீன் இடமாற்ற வினையால் பூட்டினார்கள். முதலில் சுருக்கு முடிச்சு, எல்லாம் சரியாக அமைந்த பிறகு நிரந்தர முடிச்சு என்ற வரிசையை நான் இன்றும் பாராட்டுகிறேன்.

சதுரமும் கட்டமும் கிடைப்பது எப்படி?

கோணக் கணக்கில். பல்லேடியம்(II), பிளாட்டினம்(II) இரண்டும் தளச்சதுர அமைப்பை விரும்புகின்றன. இரு பிரிடில் கைகள் எதிரெதிரே உள்ள போர்பைரின் ஒரு நேர்கோடு. அதற்கு 90 பாகையில் இடம் கொடுக்கும் சிஸ் உலோகம் மூலையாகும். கைகள் அடுத்தடுத்து இருந்தால் போர்பைரினே மூலை. அதற்கு 180 பாகை தரும் டிரான்ஸ் உலோகம் விளிம்பாகும். இரண்டு வழியிலும் நான்கு போர்பைரின்களும் நான்கு உலோகங்களும் கொண்ட சதுரம் வரும். சார்லஸ் மைக்கேல் டிரெய்னும் ழான்-மரி லேனும் 1994-இல் இதைச் செய்து காட்டினார்கள்.

1998-இல் டிரெய்ன் குழுவினர் இதையே பெரிதாக்கினார்கள். மூன்றுக்கு மூன்று கட்டமாக ஒன்பது போர்பைரின்கள். மூலைகளில் இரண்டு கைகளோடு நான்கு, விளிம்புகளின் நடுவில் மூன்று கைகளோடு நான்கு, மையத்தில் நான்கு கைகளோடு ஒன்று. கைகளைக் கூட்டிப் பாருங்கள்: 8, 12, 4, மொத்தம் 24. ஒரு பல்லேடியம் இரண்டு கைகளைப் பிடிக்கும், ஆகவே 12 பல்லேடியம். 21 துண்டுகளைச் சரியான விகிதத்தில் ஒரே குடுவையில் போட, அவை தம் இடத்தைத் தாமே கண்டுகொண்டன. சகப்பிணைப்பில் இதைச் செய்ய ஒருவர் எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும் என்று நினைத்தாலே கை வலிக்கிறது.

என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவியில் சேர்க்கை தெரிகிறது, ஒளிர்வுமானியில் காணோம். ஏன்?

செறிவுதான் காரணம். இதை ஒருமுறையாவது கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். துத்தநாகப் போர்பைரினும் பிரிடின் ஈனியும் சம அளவில் இருக்கின்றன, இணைப்பு மாறிலி 5,000 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 10 மில்லிமோலார் என்றால் 87 சதவீதம் இணைந்திருக்கும். 1 மில்லிமோலாரில் 64 சதவீதம். 0.1 மில்லிமோலாரில் 27 சதவீதம். ஒளிர்வுமானிக்காக 1 மைக்ரோமோலாருக்கு நீர்த்துவிட்டால் அரை சதவீதம்கூட மிஞ்சாது. நேற்று என்.எம்.ஆர். குழாயில் அழகாக இருந்த தொகுதி இன்று ஒளிர்வுமானியில் காணாமல் போனதற்கு யாரும் சூனியம் வைக்கவில்லை.

தப்பிக்க இரண்டு வழிகள். ஈனியை அளவுக்கு மீறிச் சேர்க்கலாம், எளிய இணைப்புக்கு இது போதும், ஆனால் கவனமாகக் கட்டிய வளையங்களைக் கூடுதல் ஈனி கலைத்துவிடும். மற்றொன்று, ஒரே இணையருக்கு இடையில் இரண்டு மூன்று முடிச்சுகள் விழும்படி வடிவமைப்பது. முதல் முடிச்சு விழுந்ததும் இரண்டாவது ஈனி எங்கோ கரைசலில் திரிவதில்லை, பக்கத்திலேயே காத்திருக்கிறது. அந்த அருகாமைக்கு 'செயலுறு மோலாரிட்டி' என்று ஓர் அளவு உண்டு. வடிவம் பொருந்தினால் அது பெரிதாகும். வடிவம் சற்றே பிசகினாலும் சரிந்துவிடும்.

வார்ப்பு மூலக்கூறு என்று சொல்கிறார்களே, அது என்ன?

கட்டி முடிக்கும்வரை துண்டுகளைத் தாங்கிப் பிடித்து, பின்பு வெளியேறும் சாரம். கேம்பிரிட்ஜில் ஜெரமி சாண்டர்ஸ் குழு 1980-களின் இறுதியில் இதைத் தொடங்கியது. முனைகளில் அசிட்டிலீன் கொண்ட துத்தநாகப் போர்பைரின்களை இணைத்தால் இருவர் வளையம், மூவர் வளையம், நீண்ட சங்கிலி எல்லாம் கலந்து வரும். இரு முனைகளிலும் நைட்ரஜன் உள்ள பைபிரிடினைச் சேர்த்தால் இருவர் வளையம் ஓங்கும். மூன்று பிரிடில்கள் கொண்ட டிரையசினைச் சேர்த்தால் மூவர் வளையம் ஓங்கும். துத்தநாகம்-நைட்ரஜன் முடிச்சுகள் துண்டுகளைச் சரியான கோணத்தில் நிறுத்த, சகப்பிணைப்பு பிறகு வந்து மூடுகிறது. வார்ப்பை எடுத்த பின் காலியான மூவர் வளையத்தின் குழிக்குள் வேறு இரண்டு பிரிடில் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்து, அவற்றுக்கிடையே டீல்ஸ்-ஆல்டர் வினையின் வேகத்தையும் கூட்டினார்கள்.

அந்தக் குழுவில் பயின்ற ஹாரி ஆண்டர்சன் ஆக்ஸ்ஃபோர்டில் இதை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனார். ஆறு பிரிடில் கால்கள் கொண்ட சக்கர வடிவ வார்ப்பைச் சுற்றி ஆறு போர்பைரின்களின் வளையம். அடுத்து 12 போர்பைரின் வளையம் வேண்டுமென்றால் 12 கால்கள் கொண்ட வார்ப்பு வேண்டுமே, அதைத் தொகுப்பது வளையத்தைவிடக் கடினமாயிற்றே. இங்கேதான் அந்தக் குறும்பு. பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் வெர்னியர் அளவுகோலைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வெவ்வேறு இடைவெளிகள் கொண்ட கோடுகள் எங்கோ ஓர் இடத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். நான்கு போர்பைரின்கள் கொண்ட நேர்ச் சங்கிலியையும் ஆறு கால் வார்ப்பையும் கலந்தால், எந்தக் காலும் எந்தத் துத்தநாகமும் வீணாகாமல் பொருந்துவது 12-இல்தான். நான்குக்கும் ஆறுக்கும் மீச்சிறு பொது மடங்கு அது. மூன்று சங்கிலிகள் இரண்டு வார்ப்புகளைச் சுற்றி எட்டு என்ற எண் வடிவில் வளைந்து நிற்க, முனைகளை மூடி, பிறகு வார்ப்புகளை வெளியேற்றினார்கள். 2011-இல் வெளியான இந்த வேலையைப் படித்த அன்று, ஐந்தாம் வகுப்பில் மீ.பொ.ம. கற்பித்த ஆசிரியரை நினைத்துக்கொண்டேன்.

வார்ப்பை வெளியேற்றுவது எப்படி என்று அடுத்த கேள்வி வரும். துத்தநாகத்தைப் பிடிக்கும் வேறோர் எளிய ஈனியை ஏராளமாகச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு முடிச்சும் தனித்தனியாகப் பலவீனமானது என்பது இப்போது நமக்குச் சாதகம்.

சேர்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் நிறமாலை. துத்தநாகப் போர்பைரினில் பிரிடின் அமர்ந்தால் சோரே பட்டை ஏறத்தாழ 10 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். ஈனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் பதிவு செய்தால், எல்லா வளைகோடுகளும் சில புள்ளிகளில் ஒன்றையொன்று வெட்டும். அந்தச் சம உறிஞ்சல் புள்ளிகள் தெளிவாக நின்றால் கரைசலில் இரண்டு நிலைகள்தான் உள்ளன என்று நம்பலாம். கலங்கினால் இடையில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது.

என்.எம்.ஆர். இன்னும் கண்கூடான சாட்சி. போர்பைரின் வளையத்தில் சுற்றும் எலக்ட்ரான்கள், தளத்துக்கு நேர் மேலே அமரும் புரோட்டான்களின் குறிகைகளைப் பலமாக உயர்புலத்துக்குத் தள்ளும். பிரிடினில் நைட்ரஜனை ஒட்டிய புரோட்டான்கள் தனித்திருக்கும்போது 8.6 பிபிஎம் அருகில் வரும். துத்தநாகப் போர்பைரினில் முழுமையாக அமர்ந்த பின் 3-க்கும் கீழே இறங்கிவிடும். டாப்கோ என்ற இருமுனை அமீன் இரண்டு போர்பைரின்களுக்கு நடுவே சாண்ட்விச்சாக மாட்டிக்கொண்டால், அதன் குறிகை பூஜ்யத்தையும் தாண்டி −5 பிபிஎம் அருகே போய் நிற்கும். அங்கே வேறெதுவும் வராது என்பதால் பார்த்தவுடன் தெரியும். குறிகை தட்டையாகி மறைந்துவிட்டால் பதறாமல் குளிர்வித்துப் பாருங்கள். பரிமாற்ற வேகம் இடைநிலையில் இருக்கும்போது அப்படித்தான் ஆகும்.

நிறை நிறமாலையை மட்டும் நம்பி எதையும் சொல்லாதீர்கள். பலவீனமான முடிச்சுகள் அங்கே வந்து சேரும் முன்பே அவிழ்ந்துவிடக்கூடும்.

உலோகக் கரிமச் சட்டகங்களும் இந்தக் குடும்பம்தானா?

ஆம், எல்லையில்லாமல் நீளும் கிளை. மெல்போர்னில் ரிச்சர்ட் ராப்சனும் கூட்டாளிகளும் 1990-களின் தொடக்கத்திலேயே பிரிடில் போர்பைரின்களை உலோகத்தால் கோத்து, பெரிய கால்வாய்கள் ஓடும் முப்பரிமாணப் பின்னல்களைப் படிகமாக்கினார்கள். 2025-இன் வேதியியல் நோபல் பரிசை சுசுமு கிடகாவா, ஒமர் யாகி ஆகியோரோடு ராப்சன் பகிர்ந்துகொண்டது உலோகக் கரிமச் சட்டகங்களுக்காகத்தான்.

ஆரம்பப் பின்னல்களில் பல, உள்ளிருக்கும் கரைப்பானை எடுத்ததும் சரிந்துவிடும். 2012-இல் நான்கு கார்பாக்சிலேட் கைகள் கொண்ட போர்பைரினை ஆறு சிர்க்கோனியம் அணுக்கள் கொண்ட கொத்துகளால் கோத்தபோது நிலைமை மாறியது. பிசிஎன்-222, மாஃப்-545 என்ற பெயர்களில் இரண்டு குழுக்கள் ஒரே சட்டகத்தை வெளியிட்டன. அகன்ற கால்வாயின் குறுக்களவு 3.7 நானோமீட்டர். நீரில் நிலைக்கும். இரும்புப் போர்பைரின் கொண்ட வடிவம் பெராக்சிடேஸ் நொதியைப் போல வேலை செய்யும்.

சிர்க்கோனியம்-கார்பாக்சிலேட் முடிச்சு வலுவானது. அப்படியானால் திருத்தம் எப்படி நடக்கிறது? தயாரிப்பில் பென்சாயிக் அமிலத்தையோ ஃபார்மிக் அமிலத்தையோ ஏராளமாகச் சேர்க்கிறார்கள். ஒரே ஒரு கை கொண்ட அந்த அமிலம் போர்பைரினோடு இடத்துக்குப் போட்டியிட்டு, முடிச்சு அவசரமாக இறுகிவிடாமல் தடுக்கிறது. வெப்பமும் அந்தப் போட்டியும் சேர்ந்துதான் ஒழுங்கான படிகத்தைத் தருகின்றன. அமிலத்தை விட்டுவிட்டுச் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் ஒழுங்கற்ற தூள்.

இதனால் என்ன பயன்?

கடையில் வாங்கும் பொருளாக இன்னும் அதிகம் வரவில்லை, அதை மறைக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்த இரண்டைச் சொல்கிறேன். மாங்கனீசுப் போர்பைரின் ஆல்கீன்களை எப்பாக்சைடாக்கும் வினையூக்கி. ஆனால் இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் ஒன்றையொன்று செயலிழக்க வைத்துவிடும். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் ஹப் குழுவினர் ரீனிய மூலைகள் கொண்ட துத்தநாகப் போர்பைரின் சதுரத்துக்குள் அதை அடைத்து வைத்தார்கள். சந்திப்பு நின்றது, நிமிடக் கணக்கில் இருந்த ஆயுள் மணிக்கணக்கானது.

இரண்டாவது ஆம்ஸ்டர்டாமில் யோஸ்ட் ரேக் குழுவினருடையது. மூன்று பிரிடில் கொண்ட ஒரு பாஸ்பீனை எடுத்தார்கள். பிரிடில்கள் மூன்றும் மூன்று துத்தநாகப் போர்பைரின்களைப் பிடிக்கும், நடுவில் உள்ள பாஸ்பரஸ் மட்டும் ரோடியத்துக்குப் போகும். கடின உலோகம் கடின ஈனியையும் மென் உலோகம் மென் ஈனியையும் நாடும் என்ற கடினம்-மென்மை விதியைப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்கள் அது ஒரே மூலக்கூறில் ஆளுக்கோர் இடம் ஒதுக்குவதை இங்கே பார்க்கலாம். போர்பைரின்கள் சூழ்ந்த ரோடியம் 1-ஆக்டீனின் ஹைட்ரோஃபார்மைலேற்றத்தில் (ஆல்கீனை ஆல்டிஹைடாக்கும் வினையில்) வேகமாக வேலை செய்து, வழக்கத்துக்கு மாறாகக் கிளைத்த ஆல்டிஹைடை அதிகம் தந்தது.

புரதம் இல்லாமலே இயற்கை இப்படிக் கோத்திருக்கிறதா?

பசுங்கந்தக பாக்டீரியாவின் குளோரோசோமில். அங்கே பல்லாயிரக்கணக்கான பாக்டீரியப் பச்சைய மூலக்கூறுகள் குழல்களாகவும் சுருள் தாள்களாகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றின் ஹைட்ராக்சில் ஆக்சிஜன் அடுத்ததன் மெக்னீசியத்தைப் பிடிக்க, ஹைட்ரஜன் பிணைப்புகள் துணை நிற்க, ஒவ்வொன்றையும் நிறுத்திவைக்கப் புரதச் சாரம் தேவைப்படவில்லை. மிகக் குறைந்த ஒளியிலும் அவை பிழைக்கின்றன.

கட்டுவதற்கான போர்பைரினை எப்படிச் செய்வது?

ஆட்லரும் லாங்கோவும் 1967-இல் சொன்ன முறை இன்றும் முதல் தேர்வு. கொதிக்கும் புரோப்பியோனிக் அமிலத்தில் பென்சால்டிஹைடும் பிர்ரோலும், அரை மணி நேரம், சுமார் 20 சதவீதம் விளைச்சல். குளிர்ந்ததும் ஊதாப் படிகங்கள் தாமே பிரியும், வடிகட்டினால் ஆயிற்று. அந்த அமிலத்தின் வாடை வீடுவரை கூட வரும். மென்மையான ஆல்டிஹைடுகளுக்கு ஜொனாதன் லிண்ட்ஸி 1987-இல் தந்த அறை வெப்பநிலை முறை பொருந்தும், விளைச்சலும் கூடுதல். பிர்ரோலைப் புதிதாக வடித்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஒற்றைப் பிரிடில் கை மட்டும் வேண்டும் என்றால் இரண்டு ஆல்டிஹைடுகளைக் கலக்க வேண்டும். அப்போது ஆறு விதப் போர்பைரின்கள் சேர்ந்து வரும். பிரிடில் எண்ணிக்கை கூடக் கூட நிரலில் மெதுவாக இறங்குவது ஒன்றே ஆறுதல். தொகுதி தானாகக் கட்டிக்கொள்கிறது என்று எழுதும் கட்டுரைகள், துண்டைச் செய்ய நிரலருகே நின்ற நாள்களை எழுதுவதில்லை.

இந்தியாவில் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பாஸ்கர் மையா குழுவினர் வெள்ளீயம்(IV) போன்ற மையங்களின் இரு அச்சு நிலைகளிலும் பீனாக்சைடு வழியே வேறு போர்பைரின்களைக் கோத்து, அச்சுப் பிணைப்பு வரிசைகள் என்ற ஒரு வகையையே வளர்த்தார்கள். மேலே நான் சொன்ன வெள்ளீயத்தின் ஆக்சிஜன் பிடிவாதத்தைப் படிப்படியாகப் பயன்படுத்திய வேலை அது. துத்தநாகமும் காலி வளையமும் ஒளியை உறிஞ்சிய பின் ஆற்றலும் எலக்ட்ரானும் எந்தத் திசையில் போகின்றன என்று அளந்தார்கள்.

குழாயில் இருந்த ஊதா-சிவப்புக் கரைசல் மறுநாள் பச்சையாகிவிட்டது. என்ன செய்வது?

டியூட்டீரியக் குளோரோஃபார்மைப் பழைய புட்டியிலிருந்து எடுத்திருப்பீர்கள். ஒளியிலும் காற்றிலும் அது சிதைந்து அமிலம் விடும். அமிலம் முதலில் துத்தநாகத்தை வெளியே தள்ளும், பிறகு காலியான நைட்ரஜன்களில் புரோட்டான் ஏற்றும். அந்த இருநேர்மின் போர்பைரின்தான் நீங்கள் பார்க்கும் பச்சை. நானும் முதல் ஆண்டில் ஒரு வாரத் தரவை இப்படி இழந்து, புதிய தொகுதி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகக் கொண்டாடியிருக்கிறேன்.

ஒரு சொட்டு டிரைஎத்திலமீன் விட்டுப் பாருங்கள். ஊதா திரும்பினால் போர்பைரின் பிழைத்தது. நிறமாலையில் இரண்டு கியூ பட்டைகளுக்குப் பதில் நான்கு தெரிந்தால் துத்தநாகம் போய்விட்டது. அப்படியானால் மெத்தனாலில் கரைத்த துத்தநாக அசிட்டேட்டைச் சேர்த்து உலோகத்தை மறுபடி ஏற்றுங்கள், நன்றாகக் கழுவுங்கள். அடுத்த முறை குளோரோஃபார்மைக் கார அலுமினா வழியாக வடித்துவிட்டு எடுங்கள். கடையில் வரும் சாதாரணக் குளோரோஃபார்மில் நிலைப்படுத்தியாக எத்தனால் கலந்திருக்கும், அதுவும் துத்தநாகத்தின்மேல் உட்காரப் போட்டியிடும். அந்த எத்தனாலையும் அலுமினா பிடித்துக்கொள்வதால், வடித்த கரைப்பானை நாள்கணக்கில் சேமித்து வைக்காமல் அன்றே பயன்படுத்திவிடுங்கள்.